ஜவ்வாது மலைக் காப்பித்தூள்: யாராவது வாங்கிப் பார்த்தீர்களா?

பாலாற்றங்கரை

சாமை அரிசி வாங்கலாம் என்று வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு இயற்கை அங்காடிக்குப் போயிருந்தேன். கல்லாப் பக்கத்தில் பழுப்புக் கவரில் காப்பித்தூள் அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே 'ஜவ்வாது மலையில் விளைந்தது' என்று தமிழில் பெரிதாக அச்சடித்திருந்தது. ஜவ்வாது என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் சாமை, தேன், புளி, கடுக்காய், பலாப்பழம். சந்தனக்கட்டையும் தெரியும், அது வேற கதை. அங்கே காப்பியும் உண்டு என்று பேச்சுவாக்கில் கேட்டதோடு சரி, தூளாகக் கண்ணில் பட்டது இப்போதுதான். கால் கிலோ 240 ரூபாய். பின்பக்கம் 'சிக்கரி கலக்காதது' என்று ஒரு வரி. வாங்கிவிட்டேன்.

கவரைப் பிரித்ததும் வாசனை கூடம் வரைக்கும் போனது. அதுவரை பிரமாதம். பில்டரில் எப்போதும் போடும் அளவே போட்டு, வெந்நீர் ஊற்றி மூடினேன். எங்கள் வீட்டில் டிகாக்‌ஷன் இறங்க அரைமணி நேரமாவது ஆகும். இது பால் பொங்குவதற்குள் மொத்தமும் இறங்கி, கீழ்ப் பாத்திரத்தில் வெறும் சாயமாக நின்றது. பால் கலந்தால் காப்பி நிறமே வரவில்லை. லேசான புளிப்பு வேறு. வீட்டுக்காரம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "பால் திரிஞ்சிடுச்சா?" என்று கேட்டு டம்ளரை அப்படியே வைத்துவிட்டார்.

ஆனால் பால் கலக்காமல் மிச்சமிருந்த டிகாக்‌ஷனைச் சும்மா வாயில் விட்டுப் பார்த்தேன். நன்றாக இருந்தது! கசப்பு நாக்கில் ஒட்டவில்லை, விழுங்கின பிறகு ஒரு இனிப்பு தங்கியது. அதனால்தான் இந்த இழையை ஆரம்பிக்கிறேன். தூளே இப்படித்தானா, இல்லை போடும் முறையை மாற்ற வேண்டுமா? நம்ம ஊர்ச் சரக்கு, ஆதரிக்கலாம் என்று ஆசை. அதற்காக தினமும் சாயத்தண்ணீர் குடிக்க முடியாது. கம்பெனிப் பெயர் போடவில்லை, விளம்பரம் என்று நெறியாளர் பூட்டிவிடுவார்.

நெறியாளர்

பூட்டமாட்டேன். பெயர் போடாமல் பேசுங்கள், போதும்.

ஆம்பூர்வாசி

பிரியாணிக்குப் பிறகு சுலைமானி டீ குடிக்கிற ஊர்க்காரன் நான், எனக்கு இங்கே வேலை இல்லை. வேடிக்கை பார்க்க வந்தேன். 'சிக்கரி கலக்காதது' என்று எழுதி இவ்வளவு நேரம் ஆகிறது, டபராசெட் ஐயாவை இன்னும் காணோமே?

டபராசெட்

வந்துவிட்டேன் தம்பி. மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

எங்கள் வாலாஜாபேட்டை வீட்டில் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து 80க்கு 20. பீபரியும் (பழத்துக்கு ஒன்றாக விளையும் உருண்டைக் கொட்டை) பிளான்டேஷன் ஏ-யும் (கழுவிக் காயவைத்த பெரிய கொட்டை) பாதிப்பாதி, அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி. என் அப்பா அப்படித்தான் சொல்லி அரைத்து வருவார், நானும் அப்படித்தான். இப்போது சிக்கரி என்றாலே ஏதோ புளியங்கொட்டை கலந்தது போலப் பேசுகிறார்கள். அது ஒரு செடியின் வேர். காயவைத்து, வறுத்து, பொடிக்கிறார்கள். குஜராத்திலும் உத்தரப்பிரதேசத்திலும் பயிர் செய்கிறார்கள். அது தண்ணீரைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்குவதற்கு அதுதான் காரணம். பால் ஊற்றினாலும் நிறமும் கனமும் நிற்பது அதனால்தான்.

சட்டமும் தடுக்கவில்லை. காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், சிக்கரி எவ்வளவு என்று கவரில் போட வேண்டும், அவ்வளவுதான். பால் காப்பி குடிக்கிற ஊரில் வந்து, பாலைத் தாங்காத தூளை 240 ரூபாய்க்கு விற்றுவிட்டு, கலக்கவில்லை என்று பெருமையும் அடித்துக்கொண்டால் என்ன சொல்வது? உங்கள் வீட்டம்மா சொன்னதுதான் சரியான தீர்ப்பு.

காட்பாடி ஜங்ஷன்

ஐயா, 20 சதவீதத்தோடு நீங்கள் நிறுத்திக்கொள்கிறீர்கள். கடையில் 53க்கு 47 என்று பொடி எழுத்தில் போட்ட கவரைப் பார்த்ததில்லையா? 49 வரை கலக்கலாம் என்ற விதியைக் கலந்தே தீர வேண்டும் என்று படித்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். காப்பிக்கொட்டை விலை ஏறினால் வேர் கூடும். அதைக் குடித்துப் பழகின நாக்குக்கு அசல் காப்பி சாயத்தண்ணீராகத்தான் தெரியும்.

பாலாற்றங்கரை அண்ணா, அந்தப் புளிப்பைக் கெட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அரபிகா ரகக் கொட்டையை ரொம்பக் கருக்காமல் வறுத்தால் பழத்தின் புளிப்பு கொஞ்சம் நிற்கும். பாலில் அது இடறும், கருப்புக் காப்பியில் அதுதான் ருசி. நான் விடுதியில் இருந்தபோது பில்டர் பேப்பரில் வடித்துக் குடிக்கப் பழகியவன், இப்போது பால் சேர்ப்பதே இல்லை.

இன்னொன்று. ஆந்திராவின் அரக்கு பள்ளத்தாக்கைப் பாருங்கள். கிழக்குத் தொடர்ச்சி மலை, 900 முதல் 1100 மீட்டர் உயரம், பயிர் செய்கிறவர்கள் பழங்குடி மக்கள். அந்தக் காப்பிக்கு 2017ல் பாரிஸில் கடையே திறந்தார்கள். 2019ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. நம்ம ஜவ்வாதும் ஏலகிரியும் அதே கிழக்குத் தொடர்ச்சிதானே? ஏலகிரி உயரமும் கிட்டத்தட்ட அதேதான். நம்ம வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்குக் குறியீடு கிடைத்தது, மலைக் காப்பிக்கு ஏன் ஒரு நாள் கிடைக்கக்கூடாது?

டபராசெட்

முதலில் பாலைத் தாங்கட்டும் தம்பி. குறியீடு அப்புறம் பார்க்கலாம்.

ஏலகிரி வளைவு

ஏலகிரி பெயர் அடிபட்டதால் உள்ளே வருகிறேன். உயரம் சரி, 1100 மீட்டர் பக்கம். ஆனால் இங்கே செடி வைக்க நிலம் எங்கே இருக்கிறது? அத்தனாவூரில் இருந்து நிலாவூர் வரை விடுதிதான். வீட்டோரம், பலா மரத்தடியில் நாலு செடி, பத்துச் செடி வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுக்கே அது காணாது.

நான் வேலை பார்க்கும் விடுதியில் வருகிறவர்களுக்குக் கொடுக்க 'ஏலகிரி காப்பி' என்று ரோட்டோரக் கடையில் மொத்தமாக வாங்கினோம். தூள் நன்றாகவே இருந்தது. எந்தத் தோட்டம் என்று துருவிக் கேட்டபோது ஏற்காட்டிலிருந்து மூட்டையாக வருகிறது என்று ஒத்துக்கொண்டார். ஏற்காட்டைக் குறை சொல்ல முடியுமா? காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் 1820களில் கொண்டு வந்து வைத்த பயிர், இருநூறு வருஷத் தொழில் அவர்களுக்கு. ஆனால் கவிஞர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 வளைவும் ஏறி வந்து, ஏற்காட்டுத் தூளை ஏலகிரி என்று வாங்கிப் போகிறார்களே ஜனங்கள்! ஆகவே கவரில் மலையின் பெயர் இருந்தால் மட்டும் நம்பாதீர்கள். எந்த ஊர், யாருடைய கொட்டை, எங்கே வறுத்தது என்று கேளுங்கள்.

வறுவல் மிஷின்

வேலூர் லாங்கு பஜார் பக்கம் சின்னதாக வறுவலும் அரவையும் வைத்திருக்கிறேன். என் கடைக்கு ஆள் பிடிக்க வரவில்லை, தொழில் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

சார் வீட்டில் நடந்ததற்குப் பாதிக் காரணம் அரவை. சிக்கரி கலக்கிற தூளைக் கொஞ்சம் கொரகொரப்பாக அரைப்போம், ஏனென்றால் சிக்கரி தண்ணீரில் ஊதி வழியை அடைக்கும். கலக்காத தூளையும் அதே பதத்தில் அரைத்தால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். அதை இன்னும் ஒரு சுற்று நைசாக அரைக்க வேண்டும். ரொம்ப மாவாக்கினால் பில்டர் ஓட்டை அடைத்துக்கொண்டு சாயங்காலம் வரை இறங்காது. இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் லேசான நரநரப்பு தெரிய வேண்டும், ரவைப் பதம் இருக்கக்கூடாது. கவரில் வருகிற தூளில் இதை நீங்கள் மாற்ற முடியாது. கொட்டையாகக் கிடைத்தால் வாங்கி, பக்கத்தில் எந்த மிஷினிலாவது கொடுத்து 'சிக்கரி இல்லை, பில்டருக்கு' என்று சொல்லி அரைத்துக்கொள்ளுங்கள்.

வறுத்த தேதி பாருங்கள். பேக்கிங் தேதி வேறு, வறுத்த தேதி வேறு. வறுத்த கையோடு அரைத்துப் போட்டாலும் சரிவராது, கொட்டைக்குள் இருக்கும் கரியமில வாயு நுரைத்துக்கொண்டு நிற்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. ரெண்டு மூணு நாள் ஆறவிட்டு அரைக்கிறதுதான் வழக்கம். அரைத்த பிறகு வாசனைக்கு ஆயுசு குறைவு. கால் கிலோவாக வாங்காமல் நூறு நூறு கிராமாக வாங்குங்கள்.

அப்புறம் மலைக் கொட்டை. தை, மாசியில் எனக்கும் சின்னச் சின்ன மூட்டையாகக் கொண்டு வருவார்கள். உள்ளே கைவிட்டு அள்ளினால் பச்சை, கருப்பு, உடைசல், பூச்சி அரித்தது எல்லாம் ஒன்றாக வரும். பழுக்காமல் பறித்த காயின் கொட்டை வறுபடும்போது சிவக்காது. மற்றதெல்லாம் கரும்பழுப்பாக இருக்கும்போது அது மட்டும் வெளிறிப்போய்த் தனியாகத் தெரியும். கைப்பிடிக்கு நாலைந்து அப்படி இருந்தால் போதும், தூளில் பச்சைக் கடலை வாடை வந்துவிடும். பொறுக்க ஆள் கூலி கட்டாது. அதனால் பெரும்பாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். நல்ல மண், நல்ல நிழல், கொட்டை ஏன் இப்படி வருகிறது என்று எனக்கும் ஆதங்கம்தான்.

ஆம்பூர்வாசி

ஒரு சந்தேகம். கலக்கவில்லை என்று கவரில் எழுதிவிட்டுக் கலந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

வறுவல் மிஷின்

கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் தூளைத் தூவுங்கள். கலக்கக்கூடாது. காப்பி மிதக்கும், சிக்கரி உடனே இறங்க ஆரம்பிக்கும், இறங்கும்போது பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே போகும். வீட்டளவில் இது போதும். எத்தனை சதவீதம் என்பதெல்லாம் லேப்புக்குப் போனால்தான் தெரியும்.

பாலாற்றங்கரை

இப்போதே செய்து பார்த்தேன். மிதக்கிறது. கோடு எதுவும் இறங்கவில்லை. அந்த விஷயத்தில் பொய் சொல்லவில்லை.

புதூர்நாட்டான்

மிஷின் அண்ணாச்சி மூட்டையைத் திருப்பி அனுப்புவதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் ஜவ்வாது மலைக்காரன், இப்போது திருப்பத்தூரில் வேலை. எங்கள் வீட்டிலும் காப்பி இருக்கிறது. கொட்டை ஏன் அப்படி வருகிறது என்று கேட்டீர்கள், சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் தோட்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பலா, சில்வர் ஓக், அதன் மேல் மிளகுக்கொடி, கீழே காப்பிச் செடி. மேட்டுக் கொல்லையில் சாமை, கொள்ளு. காப்பி எங்களுக்குக் கைச்செலவுக்கு வருகிற பயிர், அதை நம்பி அடுப்பு எரிவதில்லை.

காப்பி பூப்பதற்குப் பங்குனி, சித்திரையில் ஒரு நல்ல மழை வேண்டும். மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் கொம்பு முழுக்க வெள்ளையாகப் பூத்து, மல்லிகை வாசனை அடித்து, ரெண்டு மூணு நாளில் கொட்டிவிடும். குடகு மாதிரி இடத்தில் அந்த மழை வராவிட்டால் ஸ்பிரிங்ளர் போட்டுப் பூக்க வைக்கிறார்கள். எங்களுக்கு அது இல்லை. ஒரு மழை இங்கே, பதினைந்து நாள் கழித்து இன்னொன்று அங்கே என்று பெய்யும். பூவும் தவணை தவணையாக வரும், பழமும் தவணை தவணையாகத்தான் பழுக்கும். ஒரே கொம்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும்.

சிவந்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால் ஒரே செடிக்கு மூன்று தடவை, நான்கு தடவை போக வேண்டும். பழமா காயா என்று தெரிந்துகொள்ள மிஷின் எதுவும் வேண்டாம். விரலால் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே குதிக்கும், வாயில் போட்டால் மேல் சதை இனிக்கும். காயைப் பிதுக்கினால் நகம்தான் வலிக்கும். சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். தெரிந்தும் ஏன் உருவிப் போடுகிறோம்?

மலைக்கு வருகிற வியாபாரி தராசோடு வருகிறார். பழத்துக்கும் காய்க்கும் ஒரே விலை. நாலு தடவை போய்ப் பொறுக்கினவனுக்கும், ஒரே நாளில் கொம்போடு உருவினவனுக்கும் கிலோவுக்கு அதே காசு. அப்புறம் எவன் பொறுக்குவான்? அந்த நேரத்தில் கொள்ளு வேலை நிற்கும். எங்கள் அம்மா முன்பு பொறுக்கித்தான் பறிப்பார். பக்கத்துக் கொல்லைக்காரர் சிரித்தார். இப்போது அம்மாவும் உருவுகிறார்.

அடுத்தது காயவைக்கிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அரபிகா பழுக்கிறதும் அப்போதுதான் ஆரம்பிக்கும். சாணி மெழுகின களத்தில் பரப்புவோம், புயல் என்று ரேடியோவில் சொன்னால் அள்ளி மூலையில் குவிப்போம், விட்டால் திரும்பப் பரப்புவோம். குவித்த இடத்தில் புழுங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். தூளில் மண் வாடை அடிக்கிறது என்று கீழே சொல்வீர்களே, அது மண்ணின் மகிமை இல்லை, களத்தில் ஒட்டின சாணி மண்தான். தோலை எடுத்துவிட்டு, ஒரு ராத்திரி ஊறப்போட்டு, வழவழப்பைக் கழுவிவிட்டுக் காயவைத்தால் சீக்கிரம் காயும், சுத்தமாகவும் இருக்கும். ஏற்காட்டில் அதைத்தான் செய்கிறார்கள். அதற்கு தோல் எடுக்கும் மிஷின் வேண்டும், தண்ணீர் வேண்டும், சிமெண்டுக் களமாவது கட்டிலாவது வேண்டும். பழத்தோல் மிஷின் நாலைந்து வீடு சேர்ந்தால் வாங்கலாம். வாங்கி, பழமாகப் பறித்து, கழுவிக் காயவைத்தால் வியாபாரி அதற்கும் அதே விலைதான் சொல்வார் என்ற பயத்தில் யாரும் வாங்கவில்லை.

இதில் தண்டு துளைப்பான் வேறு. நிழல் மரத்தை வெட்டிவிட்டால் அரபிகாவுக்கு அந்தப் பூச்சி உடனே வரும். வந்த செடியைப் பிடுங்கி எரிக்காவிட்டால் பக்கத்துச் செடிக்குப் போகும். கண்ணெதிரே காய்க்கிற செடியைப் பிடுங்கி நெருப்பு வைக்க யாருக்கும் கை வராது.

ஆகவே பாலாற்றங்கரை சார், கடையில் சிக்கரி உண்டா இல்லையா என்று கேட்டது போதும். பழத்துக்குத் தனி விலை கொடுத்து வாங்குகிறீர்களா என்று கேளுங்கள். ஆறு கிலோ பழம் சேர்ந்தால்தான் ஒரு கிலோ கொட்டை. வறுத்தால் அதிலும் எடை குறையும். உங்கள் 240 ரூபாயில் அந்தப் பழத்துக்கு என்ன போனது என்று தெரிந்தால், விலை அதிகமா இல்லையா என்று நானே சொல்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்

இதை முதல் பதிவாகவே போட்டிருக்கலாம் நீங்கள். நான் பேசின அரக்கு கதையும் இதே இடத்தில்தான் நிற்கிறது. அங்கே பழத்தை ஒரே இடத்தில் சேர்த்துக் கழுவிக் காயவைத்ததுதான் பெரிய வேலை, பாரிஸ் எல்லாம் கடைசியில் வந்தது.

டபராசெட்

புதூர்நாட்டுத் தம்பி எழுதினதைப் படித்தபோது மத்திய அரசின் காப்பி போர்டு ஞாபகம் வந்தது. 1996 வரைக்கும் தோட்டக்காரர்கள் கொட்டையைப் போர்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் என்று முழுதாகத் திறந்துவிட்டது அந்த வருஷம்தான். போர்டில் தரத்துக்குப் புள்ளி வைத்து விலை போடுவார்கள், பணம் மட்டும் தவணை தவணையாக இழுக்கும். அதைத் திட்டாத தோட்டக்காரன் கிடையாது. ஆனால் நல்ல கொட்டைக்கு ஒரு விலை, மட்டக் கொட்டைக்கு ஒரு விலை என்ற ஏற்பாடு அதில் இருந்தது. தராசு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு காப்பி வாங்குகிறவன் காப்பி வியாபாரியே இல்லை.

இதை எழுதியதால் சிக்கரி விஷயத்தில் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று காட்பாடித் தம்பி நினைக்க வேண்டாம்.

குடியாத்தம் மருமகள்

எல்லாரும் மலை ஏறிவிட்டீர்கள், அந்த அண்ணா வாங்கின கவர் இன்னும் அடுப்படியில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நான் சொல்கிறேன்.

அண்ணா, பில்டரின் மேல் பாத்திரத்தை வெந்நீரில் அலம்பிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். வழக்கமாக ரெண்டு ஸ்பூன் என்றால் மூன்று போடுங்கள். பக்கத்தில் தட்டிச் சமமாக்கி, தூளை அமுக்கும் குடையை வைத்து நன்றாக அழுத்துங்கள். சிக்கரித் தூளுக்கு அழுத்தினால் அடைத்துக்கொள்ளும், இதற்கு அழுத்தத்தான் வேண்டும். குடை எடுக்காமலே ரெண்டு ஸ்பூன் வெந்நீர் மட்டும் சுற்றிவர விட்டு மூடி, தூள் நனைந்து உப்பும் வரை இருங்கள். அப்புறம் மீதித் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதித்து அடங்கியதாக இருக்கட்டும். முதல் டிகாக்‌ஷனோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ரெண்டாவது இந்தத் தூளில் எடுக்காதீர்கள், ஒன்றும் இருக்காது.

பால் கொழுப்பு கூடின பச்சை பாக்கெட்டோ ஆரஞ்சு பாக்கெட்டோ, தண்ணீர் விடாமல் காய்ச்சுங்கள். நீல பாக்கெட்டில் தண்ணீரும் விட்டுக் காய்ச்சினால் கடவுளே வந்து டிகாக்‌ஷன் போட்டாலும் நிறம் வராது.

தண்ணீர் எது? போர் தண்ணீர் என்றால் அதிலேயே பாதி வாசனை போச்சு. எங்கள் தெருப் போரில் துவரம்பருப்பு மூணு விசிலுக்கும் வேகாது, சோப்பு நுரைக்காது. அந்தத் தண்ணீரில் போட்டால் எந்தக் காப்பியும் மந்தமாக, மண்டி குடித்த மாதிரிதான் இருக்கும். காவிரித் தண்ணீர் விடுகிற நாளில் ஒரு குடம் காப்பிக்கென்றே பிடித்து வைத்துவிடுவேன். மாமியார் முதலில் கிண்டல் செய்தார், இப்போது அவரே ஞாபகப்படுத்துகிறார்.

பாலாற்றங்கரை

ரொம்ப நன்றிம்மா. எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான், வடிகட்டி வருகிறது. கேன் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன்.

ஆம்பூர்வாசி

இந்தப் பாட்டுக்கு தேயிலை எவ்வளவோ தேவலை. கொதிக்கவிடு, வடிகட்டு, முடிந்தது.

குடியாத்தம் மருமகள்

ஆம்பூர் அண்ணன் பிரியாணிக்கு தம் போடும்போது இந்த அவசரம் எங்கே போகிறது?

ஆம்பூர்வாசி

அது வேற டிபார்ட்மெண்ட் தங்கச்சி.

பாலாற்றங்கரை

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன். இரண்டு விஷயம் இருக்கிறது.

அடுப்படியில் முதலில். கேன் தண்ணீர், ஒன்றரைப் பங்கு தூள், குடையை அழுத்தி, நனையவிட்டு ஊற்றினேன். இறங்க நேரம் பிடித்தது. நிறம் வந்தது. எங்கள் பழைய தூளின் கருப்பு இல்லை, செம்பழுப்பு. பச்சை பாக்கெட் பாலில் கலந்தால் புளிப்பு அடங்கிவிட்டது. வீட்டுக்காரம்மா ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தார். இன்னொரு டம்ளர் கேட்கவில்லை. காலையில் அவருக்குப் பழைய தூள்தான், சாயங்காலம் எனக்கு மட்டும் இது, பாதி நாள் பால் இல்லாமல். ஆனால் ஒன்றரைப் பங்கு தூள் என்றால் 240 ரூபாய்க் கவர் உண்மையில் 360 ரூபாய் மாதிரி கரைகிறது. தினப்படிக்குக் கட்டுபடியாகாது.

அடுத்து, கவரில் இருந்த நம்பருக்குப் பேசினேன். ஒரு இளைஞர் எடுத்தார், பொறுமையாகவே பேசினார். வறுத்த தேதி போடவில்லை, இனிமேல் போடுகிறேன் என்றார். தூள் முழுக்க அரபிகா இல்லையாம். பழமாக வாங்கித் தோல் எடுத்துக் கழுவிக் காயவைத்த அரபிகா ஒரு பங்கு, மேலேயிருந்து முழுப் பழமாகக் காய்ந்து வரும் ரோபஸ்டா ரகம் ஒரு பங்கு. பழத்தைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அரித்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். மிதப்பதெல்லாம் பொக்காம். சில வீடுகளில் மட்டும் சிவந்த பழத்துக்குத் தனி விலை கொடுத்து வாங்குகிறார்களாம். எவ்வளவு கூடுதல் என்று கேட்டேன். "அது சீசனைப் பொறுத்து சார்" என்று பேச்சை மாற்றிவிட்டார். கொட்டையாகவும் தருகிறார், கடையில் சொல்லி வைத்தால் வருமாம்.

வறுவல் மிஷின்

மிதப்பதை எடுக்கிறார் என்றால் தொழில் தெரிந்த பையன்தான். கழுவின அரபிகாவில் காய்ந்த ரோபஸ்டாவைக் கலப்பது கனத்துக்காக. ரோபஸ்டாவில் கஃபீன் அரபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு பங்கு. சாயங்காலம் குடிக்கிறீர்கள் என்றால் ராத்திரி தூக்கத்தைக் கவனியுங்கள். கொட்டை வாங்கினால் கொண்டு வாருங்கள், நைசாக அரைத்துத் தருகிறேன். ஒன்றரைப் பங்கு போட வேண்டியிருக்காது.

டபராசெட்

வீட்டம்மா இன்னொரு டம்ளர் கேட்கவில்லை என்ற வரியை எல்லாரும் கவனிக்கவும்.

காட்பாடி ஜங்ஷன்

குடித்து முடித்தார் என்ற வரியையும் கவனிக்கவும் ஐயா.

புதூர்நாட்டான்

அந்தத் தம்பி பேச்சை மாற்றினார் என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனபோது அவருக்குப் போடுகிற வீடுகளில் விசாரித்தேன். சொன்னது உண்மைதான். சிவந்த பழத்துக்குக் கிலோவுக்குக் கூட்டித்தான் கொடுக்கிறார், கையில் காசு. காய் கலந்திருந்தால் கூடையோடு திருப்பி அனுப்புகிறாராம். அதில் நாலு பேருக்குக் கோபம். வாங்குகிற ஆளிடம் அந்தக் கண்டிப்பு வேண்டியதுதான்.

ஆனால் பாதிப் பேர் அவருக்குப் போட முடியவில்லை. ஆடியில் விதைப்புச் செலவுக்கும் பிள்ளைகள் பள்ளிக்கூடச் செலவுக்கும் பழைய வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கணக்கு தீரும் வரை செடியில் இருப்பது அவருடையது மாதிரி. புதுக் கம்பெனித் தம்பி ஆடியில் வரமாட்டார், அறுவடைக்குத்தான் வருவார். ஆடியில் ஐயாயிரம், பத்தாயிரம் கொடுக்க ஆள் இருந்தால் மலையில் பாதிக் காப்பி பழமாக இறங்கும்.

எங்கள் வீட்டில் முன்பணம் இல்லை. இந்தத் தடவை பொறுக்கிப் பறிப்போம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "அந்தச் சிரிச்சவன் கொல்லைக்கும் போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

ஏலகிரி வளைவு

உங்கள் வீட்டுக் கொட்டை வந்தால் சொல்லுங்கள், விடுதிக்கு நான் வாங்குகிறேன். 'ஜவ்வாது' என்றே பலகை எழுதி வைப்பேன், ஏலகிரி என்று எழுதமாட்டேன்.

வறுவல் மிஷின்

முதல் பத்துக் கிலோ என்னிடம் வரட்டும். சிவந்த பழம் மட்டும், கழுவிக் காயவைத்தது, கடித்தால் பல் தடம் விழக்கூடாது, அந்தக் காய்ச்சல் இருக்க வேண்டும். வறுவல் கூலி வாங்கமாட்டேன். நம்ம மலைக் கொட்டை ஒரே சீராக வறுபட்டு டிரம்மில் இருந்து விழுவதை நானும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன்.

டபராசெட்

அதில் கால் கிலோ என் பெயருக்கு எழுதி வையுங்கள். சிக்கரியை நான் வீட்டில் கலந்துகொள்கிறேன்.

வறுவல் மிஷின்

வீட்டில் எதற்கு ஐயா, இங்கேயே நல்ல சிக்கரி இருக்கிறது. காட்பாடித் தம்பி பார்க்காத நேரமாகச் சொல்லுங்கள், கலந்து அனுப்புகிறேன்.